தண்டவாளத்தின் கதை – 14: எஃகுக்குள் ஒரு வெள்ளிப் புள்ளி

1911 ஆகஸ்ட் மாதம், நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டர் நகரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதிய வீரர்கள் கூடியிருந்தார்கள். போர் முடிந்து 46 ஆண்டுகள் ஆகிவிட்டன. வந்தவர்களில் அநேகர் அறுபதைக் கடந்தவர்கள். மாநாடு முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தில் ஒரு பகுதி 25ஆம் தேதி லீஹை வேலி ரயில்வேயின் நான்காம் எண் வண்டியில் இருந்தது. கூட்டத்தால் வண்டி தாமதமாகவே ஓடிக்கொண்டிருந்தது. நண்பகல் கடந்த சற்று நேரத்தில் மான்செஸ்டர் என்ற சிற்றூருக்கு அருகே ஓடைப் பாலம் ஒன்றில் வண்டி ஏறியது. முன்பகுதி கடந்துவிட்டது. நடுவில் வந்த பெட்டிகள் தடம் புரண்டன. இரண்டு பெட்டிகள் ஏறத்தாழ 40 அடி கீழே போய் விழுந்தன. 29 பேர் இறந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம்.

காரணத்தைத் தேடி யாரும் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு தண்டவாளம் 17 துண்டுகளாகக் கிடந்தது.

தண்டவாளம் உடைவது அன்றைய அமெரிக்காவில் புதுச் செய்தி அல்ல. குளிர்காலம் வந்தால் உடையும். அடிப்பாகத்தில் கீறல் இருந்தால் உடையும். ஃபிஷ்பிளேட் போல்ட் துளையிலிருந்து விரிசல் ஓடியும் உடையும். ஆனால் இது நல்ல கோடை நாள். தண்டவாளமும் பழையதல்ல. ஓரிடத்தில் முறிந்திருந்தால் அந்த இடத்தின் குறை என்று முடித்துவிடலாம். 17 துண்டு என்றால் என்ன சொல்வது?

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விபத்தைத் தாமே விசாரித்துத் தாமே தீர்ப்பெழுதிக்கொள்வதுதான் அதுவரை ரயில் கம்பெனிகளின் வழக்கம். தீர்ப்பு பெரும்பாலும் டிரைவர் தலையிலோ பாயிண்ட்ஸ்மேன் தலையிலோ போய் விடியும். 1910 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் விபத்து அறிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலங்களிடை வணிக ஆணையம் நேரடியாக விசாரிக்கலாம், முடிவை வெளியிடலாம் என்றாகிவிட்டது. மான்செஸ்டர் விபத்து அந்தச் சட்டம் வந்து ஒன்றேகால் ஆண்டில் நடந்தது. இல்லாவிட்டால் அந்த 17 துண்டுகளும் கம்பெனியின் பழைய இரும்புக் குவியலுக்குப் போயிருக்கும் என்பதே என் எண்ணம்.

துண்டுகள் ஜேம்ஸ் ஈ. ஹோவர்ட் என்ற பொறியாளரின் கைக்குப் போயின. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட நிலையத்தில் எஃகை இழுத்தும் நசுக்கியும் சோதிப்பதையே ஆண்டுக்கணக்கில் வேலையாகக் கொண்டிருந்தவர் அவர். உடைந்த முகங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள், சக்கரம் உருளும் மேற்பரப்பைத் தொடாமல், முட்டை வடிவில் ஒரு வழவழப்பான இடம் வெள்ளிபோல மின்னியது. அதைச் சுற்றியிருந்த எஃகு புதிதாக முறிந்த கரடுமுரடோடு மணிமணியாக இருந்தது. வெள்ளிப் புள்ளியின் நடுவே நுண்ணிய கரு ஒன்று. அதிலிருந்து விரிசல் சிறுகச் சிறுக வளர்ந்ததற்கு அடையாளமாகச் சில வளையங்கள். தண்டவாளத்தின் நீளத்துக்குக் குறுக்காக அது ஓடியதால் ஹோவர்ட் அதைக் குறுக்குப் பிளவு என்று குறித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

பொறியாளர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது அந்த மினுமினுப்புதான். விரிசல் வெளியே எட்டியிருந்தால் காற்றும் ஈரமும் புகுந்து அதைக் கறுக்கவைத்திருக்கும். பளபளப்பாக இருக்கிறது என்றால் கடைசி நொடிவரை அது வெளியே வரவே இல்லை என்று பொருள். தினமும் அந்தப் பாதையில் நடந்து ஆணியையும் போல்ட்டையும் பார்த்துப்போன தொழிலாளி எத்தனை கண்ணுங்கருத்துமாக இருந்திருந்தாலும் பயன் இல்லை. குனிந்து பார்த்தாலும், சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும், விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அது தெரியாது. ரயில் பாதையின் பாதுகாப்பு அதுநாள் வரை மனிதக் கண்ணை நம்பியே நின்றது. அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அடுத்த இருபது ஆண்டு சண்டையில் கழிந்தது. சண்டை வெறும் அறிவியல் சண்டை அல்ல, பணச் சண்டையும்கூட. பிளவு உள்ள தண்டவாளத்தை யார் செலவில் மாற்றுவது?

ரயில்வேக்காரர்களின் வாதம் இது. 1901இலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டு அமெரிக்க ஆலைகள் பெசமர் எஃகுத் தண்டவாளத்தை டன்னுக்கு 28 டாலர் என்று ஒரே விலையில் விற்றன. சந்தை ஏறினாலும் 28, இறங்கினாலும் 28. விலை அசையாத இடத்தில் லாபத்தை வேறு எங்கே பிழிவது? வேகமாக உருக்கி, வேகமாக உருட்டி, வார்ப்புக் கட்டியின் மேல்முனையில் வெட்டி எறியவேண்டிய பகுதியைக் குறைத்து வெட்டி, அப்படித்தான் என்றார்கள். பெசமர் போய்த் திறந்த அடுப்பு உலையின் எஃகு வந்தபோது நிலைமை சீராகும் என்று எதிர்பார்த்தார்கள். கார்பன் கூடிய, கடினமான, தேய்மானம் குறைந்த அந்த எஃகில்தான் குறுக்குப் பிளவு அதிகமாகத் தலைகாட்டியது. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஆலோசகர் பிளிம்மன் டட்லி, தண்டவாளத்தில் ஏற்படும் விகாரத்தை ஓடும் வண்டிக்கடியிலேயே பதிவுசெய்யக் கருவி கண்டவர், பிளவின் கரு ஆலையிலேயே விழுந்துவிடுகிறது என்று உறுதியாகச் சொன்னார்.

ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உங்கள் இஞ்சினின் எடையைப் பாருங்கள் என்றார்கள். ஒரு தலைமுறைக்குள் சக்கரச் சுமை எங்கேயோ போய்விட்டது. சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். அதன்மேல் பத்து டன்னுக்கு மேல் ஏற்றினால் எந்த எஃகு தாங்கும்? சென்ற இரண்டு இதழ்களில் நாம் பார்த்த டால்பட் குழுவின் அளவீடுகளும் அவர்களுக்குக் கைகொடுத்தன. நீராவி இஞ்சினின் ஓட்டுச் சக்கரங்கள் வேகத்தில் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல அறைவதை அந்தக் குழு எண்ணாகவே காட்டியிருந்தது. ஹோவர்டும் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்ந்தார். சக்கரங்கள் மேற்பரப்பை நசுக்கி நசுக்கி இறுக்குகின்றன. அதனால் உள்ளே இழுவிசை தேங்குகிறது. அங்கே எஃகு களைத்துப் பிளக்கிறது என்பது அவர் விளக்கம்.

இரண்டு தரப்புக்கும் சாட்சி இருந்தது என்பதுதான் சங்கடம். ஒரே தண்டவாளத்தில் பல பிளவுகள் வந்ததும், ஒரே உலைத் தொகுதியில் வந்த தண்டவாளங்கள் கூட்டமாகக் கெட்டதும் ஆலையைக் காட்டின. பாரம் குறைந்த கிளைப் பாதைகளில் கிடந்த தண்டவாளங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருந்தது சக்கரத்தைக் காட்டியது. விதை ஆலையில் விழுந்து பாதையில் முளைக்கிறது என்று அன்றே யாராவது நடுவில் நின்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்களும் உண்டு. ஆனால் விதை என்னவென்று காட்டாமல் அப்படிச் சொல்வது பஞ்சாயத்துப் பேச்சாகத்தான் முடியும்.

சண்டை இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, இரும்பு உலைக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் வேறு கேள்வியோடு வந்தார். ஏன் வருகிறது என்பது பிறகு இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

அவர் எல்மர் ஸ்பெர்ரி. கப்பல்களுக்குச் சுழல்காட்டித் திசைகாட்டி செய்து பெயரும் பணமும் சம்பாதித்தவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1920களில் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினார். அவர் யோசனை எளிமையானது. தண்டவாளத்தின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சு. நல்ல எஃகில் அது நேராகப் போகும். குறுக்கே பிளவு இருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். அந்த வித்தியாசத்தை அளந்தால் போதும்.

சோதனைக்கூடத்தில் இது அழகாக வேலைசெய்தது. அமெரிக்க ரயில்வே சங்கம் ஒப்பந்தம் போட்டுச் சோதனை வண்டி ஒன்றைக் கட்டச் சொன்னது. வெளியே பாதையில் ஓட்டியபோதுதான் வில்லங்கம். உண்மையான தண்டவாளத்தின் மேல் துருவும் எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும். அளக்கும் பிரஷ் தண்டவாளத்தைச் சரியாகத் தொடாத இடமெல்லாம் பிளவு என்று கருவி கூவியது. சோதனைக்கூடத்தில் பிறந்த எத்தனையோ கருவிகள் இந்த இடத்தில்தான் செத்துப்போயிருக்கின்றன.

ஸ்பெர்ரியும் அவர் உதவியாளர்களும் வழியை மாற்றினார்கள். பெரும் மின்னோட்டத்தைக் குறைந்த அழுத்தத்தில் தண்டவாளத்துக்குள் செலுத்துவது அப்படியே இருந்தது. மின்தடையை அளப்பதை மட்டும் கைவிட்டார்கள். மின்சாரம் ஓடும் தண்டவாளத்தைச் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கும். பிளவைச் சுற்றி வளைந்துபோக நேரும்போது மின்னோட்டம் திரும்புகிறது. கூடவே காந்தப்புலமும் கோணுகிறது. தண்டவாளத்துக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல் நகரும் கம்பிச்சுருள் அந்தக் கோணலை உணரும். வால்வு பெருக்கிகள் அதைப் பெரிதாக்கும். ஓடும் காகிதத்தில் பேனா துள்ளும். அதே கணத்தில் வண்டிக்கடியில் ஒரு குழாய் தண்டவாளத்தின்மேல் பெயிண்டைப் பீச்சும். வண்டியை நிறுத்தி, பின்னால் வந்து, ஆள் இறங்கிக் கைக்கருவியால் சரிபார்க்க வேண்டும். சக்கரம் வழுக்கிச் சுட்ட தழும்புகளும் பேனாவைத் துள்ளவைத்தன என்பதால் காகிதத்தைப் படிக்கத் தனித் தேர்ச்சி வேண்டியிருந்தது.

1928 நவம்பரில் வாபாஷ் ரயில்வேயின் பாதையில், ஒஹையோவின் மாண்ட்பீலியரிலிருந்து இண்டியானாவை நோக்கி, இந்த வண்டி முதன்முதலாகக் கட்டணத்துக்கு ஓடியது. ஸ்பெர்ரி செய்த இன்னொரு காரியத்தை இந்தக் கண்டுபிடிப்புக்கு இணையாகவே வைப்பேன். வண்டிகளை அவர் விற்கவில்லை. பணியாட்களோடு வாடகைக்கு விட்டார். ஆட்கள் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, ஒரு ரயில்வேயின் பாதையை முடித்துவிட்டு இன்னொரு ரயில்வேக்குப் போனார்கள். இதனால் ஒரு கம்பெனியின் பாதையில் படித்த பாடம் அடுத்த கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது. ரயில்வேக்காரனுக்கும் ஆலைக்காரனுக்கும் நடுவில், யார் மீதும் பழி போட அவசியமில்லாத மூன்றாமவன் ஒருவன் பிளவுகளை எண்ணத் தொடங்கினான். 1930இல் ஸ்பெர்ரி இறந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய மஞ்சள் வண்டிகள் அதற்குப் பிறகும் பல தலைமுறைக்கு ஓடின.

பெயிண்ட் அடையாளம் கூடக்கூட, சண்டையைத் தொடர்வது இரு தரப்புக்கும் கட்டுப்படியாகாமல் போயிற்று. 1931இல் ரயில்வேக்களும் தண்டவாள ஆலைகளும் சேர்ந்து பணம் போட்டு ஒரு கூட்டாய்வைத் தொடங்கின. இடம், இலினாய் பல்கலைக்கழகம், அர்பானா. டால்பட் வேலைசெய்த அதே வளாகம். பொறுப்பு, ஹெர்பர்ட் மூர் என்ற பேராசிரியருக்கு. உலோகக் களைப்பு பற்றி அமெரிக்காவில் அப்போது அவரைவிட அதிகம் சோதித்தவர் இருந்திருக்க முடியாது.

மூர் முதலில் விதையைத் தேடினார். புதுத் தண்டவாளத்தை அறுத்து, வழவழப்பாகத் தேய்த்து, சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அமிழ்த்தினார். அமிலம் எல்லா இடத்தையும் ஒரேமாதிரி அரிக்காது. உள்ளே ஒளிந்திருக்கும் கீறலின் ஓரங்களை அதிகமாக அரித்துக் காட்டிக்கொடுக்கும். பாதையையே பார்த்திராத, ஒரு சக்கரமும் ஏறியிராத தண்டவாளத்தின் தலைக்குள் மயிரிழைக் கீறல்கள் சிதறிக்கிடந்தன. இவற்றுக்குச் சிதறல் கீறல்கள் என்று பெயர். சில தொகுதிகளில் நிறைய, சிலவற்றில் ஒன்றும் இல்லை.

அடுத்த வேலை, முளைக்கிறதா என்று பார்ப்பது. சுமையேற்றிய சக்கரத்தைத் தண்டவாளத் துண்டின் மேல் முன்னும் பின்னுமாக இரவு பகலாக உருட்டும் இயந்திரத்தைக் கட்டினார்கள். லட்சக்கணக்கான உருளல்களுக்குப் பிறகு துண்டை உடைத்துப் பார்த்தபோது, சிதறல் கீறல் இருந்தவற்றில் ஹோவர்ட் கண்ட அதே வெள்ளி முட்டை. கீறல் இல்லாதவற்றில் அது வரவில்லை. மேலே எத்தனை உருட்டினாலும் வேறு விதமாகக் கெட்டதே தவிர, குறுக்குப் பிளவு வரவில்லை. இருபது ஆண்டு வழக்கு இப்படித் தீர்ந்தது. கரு ஆலையுடையது, வளர்ச்சி சக்கரத்துடையது. இதில் டட்லி பாதி ஜெயித்தார். ஹோவர்ட் பாதி ஜெயித்தார். டட்லி 1924இலேயே இறந்துவிட்டதால் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

சரி, கரு எப்படி விழுகிறது? இங்கே வில்லன் எதிர்பாராதவன்: ஹைட்ரஜன். உருகிய எஃகுக்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் தெம்பு அதிகம். ஈரமான சுண்ணாம்பு, துருப்பிடித்த பழைய இரும்பு, உலைக்குள் புகும் காற்றின் ஈரம், எல்லாவற்றிலிருந்தும் அது எஃகுக்குள் வந்துசேரும். எஃகு ஆற ஆற அந்தத் தெம்பு குறைகிறது. வெளியேற அவகாசம் கிடைத்தால் ஹைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேறிவிடும்; அணுக்களிலேயே மிகச் சிறியது அதுதானே. ஆனால் தண்டவாளத்தைத் திறந்த படுகையில் போட்டு வேகமாக ஆறவிட்டால் நடுப்பகுதியில் சிக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எஃகு அதன் அழுத்தம் தாங்காமல் உள்ளுக்குள் கீறல் விடுகிறது. சேர்ந்து பணம் போட்ட ஆய்வில் ஹைட்ரஜனின் பங்கு முழுவதும் துலங்க 1930களின் பிற்பகுதி ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், நோய் முழுக்கப் புரிவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சிட்னி ஊரின் எஃகாலையில் ஐ. சி. மேக்கி என்ற உலோகவியலாளர் 1930களின் தொடக்கத்திலேயே தண்டவாளங்களை மூடிய பெட்டிக்குள் வைத்து ஆறவிட்டார். குயவர் சூளையை மூட்டம் பிரிக்காமல் விட்டுவைப்பதுபோல, அவ்வளவுதான். அமெரிக்க ஆலைகள் இதைப் பார்த்து விதி எழுதிக்கொண்டன. உருட்டி முடித்த தண்டவாளம் ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரிக்கு ஆறியதும் வெப்பம் காக்கும் பெட்டியில் அடுக்க வேண்டும். மூடிபோட்டால் குறைந்தது 10 மணி நேரம் திறக்கக் கூடாது. அந்த 10 மணி நேரத்தில் ஹைட்ரஜன் தானாகக் கிளம்பிப் போய்விடும். புதிய உலோகக் கலவை ஒன்றும் இல்லை, புதிய இயந்திரம் ஒன்றும் இல்லை; பெட்டியும் பொறுமையும் மட்டும். 1930களின் முடிவுக்குள் அமெரிக்க ஆலைகள் அநேகமாக எல்லாமே இதற்கு மாறின. அப்படி ஆறிய தண்டவாளத்தின் பக்கவாட்டில் ‘சி.சி.’ என்ற எழுத்துகளைப் பொறித்தார்கள். அந்த எழுத்து இருந்த தண்டவாளங்களில் குறுக்குப் பிளவு அநேகமாக அற்றுப்போயிற்று. எழுத்து இல்லாத பழைய தண்டவாளங்களோ பாதையில் இன்னும் பல பத்தாண்டுகள் கிடந்தன. அவற்றுக்காகவே மஞ்சள் வண்டிகள் ஓயாமல் ஓடவேண்டியிருந்தது.

இந்தியாவில் இது பழங்கதை அல்ல. இன்றைய ஆலைகள் உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து ஹைட்ரஜனை முன்கூட்டியே உறிஞ்சிவிடுகின்றன. அதனால் பெட்டிக்கு வேலை குறைந்துவிட்டது. இந்திய ரயில்வேயின் தண்டவாளத் தர விதி உருகிய எஃகில் பத்து லட்சத்தில் 1.6 பங்குக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கக் கூடாது என்கிறது. 1998 நவம்பர் 26 அன்று பஞ்சாபின் கன்னா அருகே உடைந்த தண்டவாளத்தால் ஃப்ரண்டியர் மெயிலின் பெட்டிகள் தடம் புரண்டு பக்கத்துப் பாதையில் விழ, எதிரே வந்த சியால்தா எக்ஸ்பிரஸ் அவற்றின் மீது மோதியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த முறிவையும் ஹைட்ரஜனையும் முடிச்சுப் போட நான் வரவில்லை. தண்டவாளம் முறிந்தால் என்ன ஆகும் என்பதை மறக்க இந்தியாவுக்கு உரிமை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்பெர்ரியின் காந்தச் சுருள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் மீயொலி செய்கிறது. காலை நேரத்தில் நம் ஊர்ப் பாதையில் சிறு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தின்மேல் தண்ணீர் கசியவிட்டு அதன் வழியே ஒலியை உள்ளே அனுப்பும் கருவி அது. செங்குத்தாகப் போகும் ஒலி குறுக்குப் பிளவின் விளிம்பை உரசிக்கொண்டு போய்விடும், எதிரொலிக்காது. அதனால் 70 டிகிரி சாய்வில் அனுப்பும் புரோப் ஒன்று இந்த வெள்ளி முட்டைக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. உடனே மாற்றவேண்டிய குறை என்று தெரிந்தால் தண்டவாளத்தில் சிவப்புப் பெயிண்டால் மூன்று பெருக்கல் குறி போடுவார்கள். மாற்றி முடிக்கும்வரை அந்த இடத்தில் வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. பயணிகள் சிக்னல் கோளாறு என்று அலுத்துக்கொள்வார்கள்.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். ‘சி.சி.’ தண்டவாளங்கள் பாதைக்குப் போய்ச் சில ஆண்டுகளில் சோதனை வண்டிகளின் பேனா மறுபடியும் துள்ளத் தொடங்கியது. உடைத்துப் பார்த்தால் அதே குறுக்கு வடிவம்தான். ஆனால் நடுவில் கரு இல்லை. விரிசல் இப்போது கிளம்பியது தலையின் உள்மூலையில், சக்கர விளிம்பு உரசும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, செதில்போல் விட்டிருந்த பிளவிலிருந்து. எஃகு சுத்தமாகிவிட்டது, ஆகவே அது நீண்டநாள் பாதையில் கிடந்தது, நீண்டநாள் கிடந்ததால் சக்கரம் அதன் தோலைக் களைப்படையச் செய்ய நேரம் கிடைத்தது. எஃகு கடினமாக ஆக, தேய்மானமும் குறைந்தது. முன்பெல்லாம் சிறு மேற்கீறல்கள் வளருமுன் தேய்ந்தே மறைந்துவிடும். இப்போது அவை தங்கி வளர்ந்தன. இம்முறை பழி போட ஆலையே இல்லை. இந்த மேற்தோல் கீறல்களை நன்றாகவே அறிந்திருந்த பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகம் ஒன்று, அறிந்திருந்தும் தண்டவாளத்தை மாற்றாமல் விட்டது எப்படி, 2000 அக்டோபர் 17 அன்று லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் என்ன நடந்தது என்பது அடுத்த இதழில்.